பெல்ற் கழன்று நிற்கும் நேரம்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் கொறித்துக்கொண்டு நிற்கும்போதும் என் காது ஓய்வதில்லை. ஏ9 வீதியால் போகிறவர்கள் அங்கே இறங்கித் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டுதான் மேலே போவார்கள். பத்து நிமிடம் நிற்பாட்டியிருந்த எஞ்சினைத் திரும்ப ஸ்ராட் எடுக்கும்போது, வரிசையில் ஏதாவது ஒரு வாகனம் கீச்சென்று கத்தும். இரண்டு மூன்று விநாடிதான், பிறகு அடங்கிவிடும். சாரதி அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். எனக்கோ அதற்குப் பிறகு கச்சான் இறங்காது. சில வாகனங்களின் கண்ணாடியில் தட்டி, "தம்பி, வவுனியாவில நிப்பாட்டி பெல்ற்றை ஒருக்காப் பாரும்" என்று சொல்லியுமிருக்கிறேன். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ராட் எடுப்பதற்குப் பற்றரி கொடுத்த மின்னை ஒல்ரனேற்றர் உடனே நிரப்பத் தொடங்கும். அந்த நேரம் அதைச் சுற்றுவது பாரமான வேலை. தளர்ந்துபோன அல்லது பல் தேய்ந்த பெல்ற்றால் அந்தப் பாரத்தைப் பிடித்துச் சுற்ற முடியாது, வழுக்கும். வழுக்குகிற றப்பரின் சத்தம்தான் அது. ஏசியைப் போட்டால் இன்னும் கூடும். மாரி காலத்துக் காலையில் ஈரத்தோடு எடுத்தால் அதைவிடக் கூடும்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் ஒரே ஒரு நீளப் பெல்ற்தான். எஞ்சினின் கிராங்க் கப்பியில் தொடங்கி, ஒல்ரனேற்றர், வோட்டர் பம்ப், ஏசி கொம்பிரசர், சில வண்டிகளில் பவர் ஸ்ரியறிங் பம்ப் என்று பாம்பு வளைவதுபோல ஒவ்வொரு கப்பியிலும் ஏறி இறங்கித் திரும்பக் கிராங்குக்கு வரும். உட்பக்கம் ஐந்தோ ஆறோ நீட்டு வரிப் பற்கள், வெளிப்பக்கம் வழவழப்பு. பல் உள்ள கப்பியில் பல் பக்கம் ஓடும். வழுவழு கப்பியில் முதுகுப் பக்கம் ஓடும். அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டின் ஃபோர்ட் மஸ்ராங் காரில் இந்த முறை வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு சாமானுக்கு ஒன்றாக வி வடிவப் பெல்ற்கள் இருந்தன. ஒன்று அறுந்தாலும் மற்றது ஓடும். இப்போது ஒன்று அறுந்தால் எல்லாம் ஒரேயடியாக நிற்கும்.

நான் தொழில் பழகினது வி பெல்ற் காலத்தில். 1996இல் போரால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். றோட்டோரத்தில் கிடுகுக் கொட்டில் ஒன்று, அதுதான் கராஜ். என்னைப் பழக்கினவரை எல்லோரும் பெரியண்ணை என்றுதான் கூப்பிடுவோம். பொருளாதாரத் தடை இறுகியிருந்த நாள்கள். பெற்றோலைக் குப்பியில் துளி கணக்கில் வைத்திருந்து, அதில் எஞ்சினை எழுப்பி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவோம். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் அந்தப் புகையோடு வன்னியில் ஓடினவை. புது ஃபான் பெல்ற் எங்கே கிடைக்கும்? உழவு இயந்திர ரியூப்பை வட்டம் வட்டமாக அரிந்து, மூன்று நான்கு வளையத்தை ஒன்றாக மாட்டுவோம். மாங்குளம் வரைக்கும் போய்வரத் தாங்கும். பெருவிரலால் அமத்திப் பார்த்து, அரை அங்குலம் தாழ்ந்தால் சரி என்று பெரியண்ணை சொல்லுவார். அந்த அரை அங்குலம் இன்னமும் என் பெருவிரலில் இருக்கிறது.

2009 தை மாதம். கிளிநொச்சி இராணுவத்திடம் போய்விட்டது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் தருமபுரத்துக்கு அப்பால் சனமும் வண்டியும் நெருக்கியடித்துக்கொண்டு ஊர்ந்தன. எனக்கு முன்னால் போன மசி பேர்கசன் உழவு இயந்திரத்தின் ஃபான் பெல்ற் அறுந்தது. பெட்டியில் மூன்று குடும்பத்தின் சாமானும் ஒரு கிழவியும். ஒரு அக்கா தன் நூல் சேலை ஒன்றை எடுத்துத் தந்தார். கரைப்பக்கத்தை நீளமாகக் கிழித்து, முறுக்கி, கப்பிகளைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். முடிச்சு கப்பியில் ஏறும்போதெல்லாம் "டக், டக்" என்று அடிக்கும். விசுவமடு வரை அது போனது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பங்களை நான் காணவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேனென்றால், வி பெல்ற் அறுந்தால் ஏதோ ஒரு மாற்று இருந்தது. ரியூப், கயிறு, சேலை, ஏதாவது. ஆறு வரிப் பல்லோடு ஐந்தாறு கப்பியைச் சுற்றி ஓடுகிற பெல்ற்றுக்கு அப்படிக் கைக்கு அகப்படுகிற மாற்று எதுவும் இல்லை. முடிச்சுப் போட்ட எதுவும் அதில் ஒரு சுற்றுக்கூட ஓடாது. டாஷ்போட்டில் பற்றரிச் சிவப்பு விளக்கு எரியும், ஸ்ரியறிங் கல்லாகும், சூட்டு முள் ஏறும். வோட்டர் பம்பும் அதே பெல்ற்றில் ஓடுகிற வண்டியென்றால் அந்த இடத்திலேயே நிற்பாட்ட வேண்டும். அடுத்த சந்தி வரைக்கும் போவம் என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஆகவே இந்தப் பெல்ற்றை வழியில் பார்க்க முடியாது, வீட்டு முற்றத்தில், ஆறுதலான ஒரு நாளில்தான் பார்க்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பிழை வேண்டியிருந்தது. மீள்குடியேறி, கிளிநொச்சியில் திரும்பக் கராஜ் போட்டு நாலைந்து வருடமிருக்கும். ஒரு வான் பெல்ற் கத்துகிறதென்று வந்தது. மாலை நேரம், அவசரம். பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். சத்தம் நின்றது, காசு வாங்கினேன். இரண்டு கிழமை கழித்து அந்த வான் மகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்ட குடும்பத்தோடு போயிருக்கிறது. கொக்காவில் கோபுரத்து விளக்கு தெரிகிற தூரத்தில், இரவு பத்து மணிக்குப் பிறகு, பெல்ற் போனது. இரண்டு பக்கமும் காடு. நான் மோட்டார்சைக்கிளில் போய்ச் சேர்ந்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். என் புதுப் பெல்ற் நார் நாராகக் கிழிந்து கிடந்தது. பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷன் கப்பியின் பெயரிங் உருகிச் சாய்ந்து நின்றது. பழைய பெல்ற் கத்தினதே அந்தப் பெயரிங்கால்தான். நான் கத்தினவனின் வாயை மூடிவிட்டு, ஏன் கத்துகிறாய் என்று கேட்காமல் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளை விமானத்தைத் தவறவிட்டது. தாய் என்னைப் பேசவில்லை. வானுக்குள் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெயரிங்கைக் கழற்றி என் ஆயுதப் பையில் போட்டேன். இன்றும் அதில்தான் கிடக்கிறது.

அன்றிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். பெல்ற் மாட்டியிருக்கும்வரை எந்தக் கப்பியையும் தனியாக விசாரிக்க முடியாது. எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பெல்ற்றைக் கழற்றினதும் ஒவ்வொன்றும் தன்பாட்டில் விடுபடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்ற வேண்டும், அசைத்துப் பார்க்க வேண்டும். புதிய பெல்ற்றைப் பூட்டுவது கால் மணித்தியால வேலை. பூட்டாமல் நிற்கிற அரை மணித்தியாலம்தான் என்னுடைய தொழில்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டோடு இந்த வேலை முழுக்க முழுக்க வீடு தேடிப் போகிற வேலையாக மாறியது. ஆடி, ஆவணி மாதங்களில் கியூஆர் அட்டைக்குத்தான் எரிபொருள். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார்சைக்கிளுக்கு 4. அந்த இருபதில் கராஜுக்கு வந்து போக யாருக்கு மனம் வரும்? புது வாகன இறக்குமதியும் 2020 பங்குனியோடு நின்றுபோயிருந்தது. இருக்கிற பழைய வண்டியைத்தான் எல்லோரும் காப்பாற்ற வேண்டும். டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனதில் சாமான் விலையெல்லாம் எட்டாத உயரம். நான் ஆயுதப் பையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன்.

உருத்திரபுரத்தில் ஒரு ரீச்சர் வீடு. தொலைபேசியில், "அண்ணை, கார் காலமையில கத்துது. கொண்டுவந்து விடட்டோ?" என்றார்.

"வேண்டாம் ரீச்சர். பெற்றோலை வையுங்கோ, நான் வாறன்."

முற்றத்து வேம்புக்குக் கீழே கார் நின்றது. இருபது வருடம் பழசான யப்பான் கார். மகனுக்குப் பத்தொன்பது வயது, சோதனை எழுதிவிட்டு வீட்டில் நின்றான். "மாமா, நான் பாத்துக்கொண்டு நிக்கட்டோ?" என்றான். "பாக்க வேண்டாம், நீதான் செய்யப்போறாய்" என்றேன். முதல் வேலையாகச் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுவரச் சொன்னேன். ஓடுகிற பெல்ற்றுக்குப் பக்கத்தில் சாரத்தோடும் சால்வையோடும் குனிவதை நான் அனுமதிப்பதேயில்லை. துணி நுனியைப் பிடித்தால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது.

கழற்றுவதற்கு முன் சத்தத்தின் சாதியை அறிய வேண்டும். எஞ்சினை ஓட விட்டு, ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துப் பெல்ற்றின் பல் பக்கம் கொஞ்சமாகத் தெளிக்கச் சொன்னேன். சத்தம் உடனே கூடினால் பெல்ற் வழுக்குகிறது, இறுக்கம் போதாது. சில விநாடி நின்று திரும்ப வந்தால் ஏதோ ஒரு கப்பி நேர்கோட்டில் இல்லை. அன்று நின்றது, பிறகு வந்தது. எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. சிலர் இந்த இடத்தில் சவுக்காரத்தைத் தேய்ப்பார்கள், சத்தம் அன்றைக்கு நிற்கும். ஆனால் செம்மண் புழுதி அதில் ஒட்டிப் பல்லை அரைத்துவிடும். தயவுசெய்து எதையும் பூச வேண்டாம்.

எஞ்சினை நிற்பாட்டி, திறப்பை எடுத்து ரீச்சரிடம் கொடுத்தோம். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றினோம். பிறகு தம்பியிடம் கொப்பியும் பென்சிலும் எடுத்துவரச் சொல்லி, பெல்ற் எந்தக் கப்பிக்கு மேலால், எதற்குக் கீழால் போகிறதென்று கீறச் சொன்னேன். தொலைபேசியில் படம் எடுக்கிறேனே என்றான். எடு, ஆனால் கீறவும் கீறு என்றேன். படம் எடுக்கிறவன் பார்ப்பதில்லை. கீறுகிறவன் ஒவ்வொரு வளைவையும் கண்ணால் தொட்டுத்தான் கீற வேண்டும். இரண்டு தரம் பிழைவிட்டு மூன்றாம் தரம் சரியாகக் கீறினான்.

இப்படியான கார்களில் பெல்ற் இருப்பது சாரதி இருக்கிற பக்கம், முன் சில்லுக்கு உள்ளே. ஜக் அடித்து, அதை மட்டும் நம்பாமல் ஸ்ராண்டும் வைத்து, சில்லைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்ரிக் மறைப்பை எடுத்தோம். சில வண்டிகளில் இறுக்கத்தைத் தானே பார்க்கிற ஸ்பிறிங் ரென்ஷனர் இருக்கும். நீள ஸ்பனரைப் போட்டு ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் பெல்ற் தளரும். இந்தக் காரில் போல்ற்றால் இறுக்குகிற பழைய முறை. கப்பியின் நடு நட்டைக் கொஞ்சம் இளக்கி, நீட்டுப் போல்ற்றைத் திருப்பத் திருப்பக் கப்பி இறங்கியது. பெல்ற் கழன்று அவன் கையில் வந்தது.

"வெடிப்பு ஒண்டும் இல்லையே மாமா?" என்றான். இது பலர் கேட்கிற கேள்வி. முந்தின காலத்துப் பெல்ற் கிழடாகினால் வெடித்துக் காட்டும். இப்போது வருகிற ஈபிடிஎம் றப்பர் வெடிக்காது, ரயர் தேய்வதுபோலத் தேயும். பல் மெலிந்து, பல்லுக்கிடைப் பள்ளம் அகலும். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், பிடி இருக்காது. புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து நகத்தால் பள்ளத்தை வருடச் சொன்னேன். வருடினதும் அவனுக்கே விளங்கியது. பெல்ற்றின் முதுகில் இருக்கிற எழுத்தையும் வாசிக்கக் காட்டினேன். 6 பிகே 1200 என்றால் ஆறு பல், 1200 மில்லிமீற்றர் நீளம். எழுத்து அழிந்துபோனால் பல்லை எண்ணி, பெல்ற்றை வெட்டி நாடாவால் அளந்துகொண்டு கடைக்குப் போகலாம். பஞ்சிகாவத்தைச் சாமான் கடையில் போய் நின்று "டொயோட்டா பெல்ற் தாங்கோ" என்றால் பத்து விதம் எடுத்துப் போடுவார்கள். இலக்கம்தான் பேச வேண்டும். பெயர்போன பெட்டிக்குள் போலி வைத்து ஒரு கடை எனக்கு ஒருமுறை விற்றது. அதன் பிறகு பெட்டியை நான் பார்ப்பதில்லை, பெல்ற்றை மடித்து, முகர்ந்து, பல் விளிம்பைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

இனித்தான் அந்த அரை மணித்தியாலம். ஒல்ரனேற்றர் கப்பியைச் சுற்றினான், சரளமாக ஓடியது. வோட்டர் பம்ப் கப்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான், ஆட்டமில்லை. பம்பின் அடியில் உள்ள சின்னத் துவாரத்தில் தண்ணீர் கசிந்த தடமும் இல்லை. ரென்ஷன் கப்பியில் கை வைத்தான். "இதுவும் சுத்துது" என்றான்.

"சுத்துது. எப்பிடிச் சுத்துது?"

அவனுக்குத் தெரியவில்லை. ஆயுதப் பையிலிருந்து கொக்காவில் பெயரிங்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரலை உள்வளையத்தில் விட்டுச் சுற்றச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். மணல் அரைபடுவதுபோலிருக்கிறது என்றான். இப்போது கப்பியைச் சுற்று என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அதே மணல், மாமா. அதைவிடக் கொஞ்சம் குறைவு" என்றான். விளிம்பைப் பிடித்து அசைத்தால் நூலளவு ஆட்டமும் இருந்தது. தண்ணீர் தெளித்தபோது சத்தம் நின்று வந்ததன் காரணம் அந்த நூலளவுதான்.

ரீச்சர் தேத்தண்ணியோடு வந்தார். அடுத்த நாள் காலை தாயாருக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். "இப்போதைக்குப் பழையதைப் போட்டுத் தாங்கோ அண்ணை, பிறகு பாப்பம்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கப்பி அன்றைக்கே விழப்போவதுமில்லை. ஆனாலும் என்னால் முடியவில்லை. "ரீச்சர், நான் பூட்டித் தரமாட்டன். அம்மாவை பஸ்ஸில கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. கொக்காவில் கதையை நான் சொல்லவில்லை. தம்பிதான் பெயரிங்கைத் தாயின் கையில் வைத்து, "சுத்திப் பாருங்கோ அம்மா" என்றான்.

கப்பியை முழுதாக வாங்கப் போனால் அந்த நேரத்து விலை தாங்காது. கப்பி நல்லது, உள்ளே இருந்த பெயரிங்தான் போனது. துடைத்துப் பார்த்தால் 6203 என்று இலக்கம். உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீற்றர். உலகம் முழுக்க ஓடுகிற சாதாரண அளவு. கிணற்று மோட்டர்களிலும் அதே இலக்கம் வரும். கிளிநொச்சியில் இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. வவுனியாவில் ஒரு சிநேகிதன் எடுத்து, பஸ்ஸில் கொடுத்தனுப்ப மூன்று நாள் பிடித்தது. மூன்று நாளும் கார் பெல்ற் இல்லாமல் வேம்புக்குக் கீழே நின்றது. பாட்டி பஸ்ஸில் கிளினிக்குக்குப் போய்வந்தார்.

நாலாம் நாள் பழைய பெயரிங்கைத் தட்டி எடுத்து, புதியதை வெளிவளையத்தில் மட்டும் அடி படும்படி மெல்ல இறக்கினோம். உள்வளையத்தில் அடித்தால் புதுப் பெயரிங்கும் அன்றைக்கே கெட்டுவிடும். கப்பியைப் பூட்டிச் சுற்றினான். சத்தமே இல்லை. கொப்பியில் கீறின படத்தை வைத்துப் புதுப் பெல்ற்றை ஓட்டினான். நான் கையை வைக்கவில்லை. ஒவ்வொரு கப்பியிலும் பல்லும் பள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவச் சொன்னேன். ஏசி கப்பியில் ஒரு பல் வெளியே நின்றது. கண்ணுக்குத் தெரியாத இடம். அப்படியே ஸ்ராட் எடுத்திருந்தால் விளிம்பு அன்றைக்கே நாராகியிருக்கும். திருத்திப் பூட்டினான். போல்ற்றை இறுக்கி, கப்பிகளுக்கிடையில் உள்ள நீளமான ஓட்டத்தின் நடுவில் பெருவிரலால் அமத்தினான். ஒரு விரல் மொத்தம் தாழ்ந்தது. என் பெருவிரலாலும் அமத்திப் பார்த்தேன், சரி.

கிராங்க் போல்ற்றில் ஸ்பனரைப் போட்டு, எஞ்சின் ஓடுகிற திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினோம். பெல்ற் இடம் விட்டு அசையவில்லை. பற்றரி வயரைப் பூட்டி, ஆயுதங்களை எண்ணிப் பைக்குள் வைத்த பிறகுதான் ரீச்சரிடம் திறப்பைக் கேட்டேன். முதல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டி, திரும்பவும் அமத்திப் பார்த்துச் சிறிது இறுக்கினோம். புது றப்பர் அந்த அளவு இளகும். ஏசி போட்டு, ஹெட் லைற் போட்டு, தண்ணீரும் தெளித்தோம். எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தம்பி பழைய பெல்ற்றை எறியப் போனான். அதை வட்டமாகச் சுருட்டி ஸ்பெயார் சில்லுக்குள் வைக்கச் சொன்னேன். தேய்ந்ததுதான், ஆனாலும் கொக்காவிலில் நிற்கிறவனுக்கு அது மாங்குளம் வரை காணும். பக்கத்தில் 12ம் 14ம் ஸ்பனர் ஒவ்வொன்று வைத்தோம். கொப்பியில் கீறின தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் திகதியையும் மீற்றரில் நின்ற கிலோமீற்றரையும் அவன் எழுதினான். பொலித்தீனில் சுற்றிப் பொனற்றின் உட்பக்கத்தில் ஒட்டினான்.

நான் சைக்கிளில் ஏறும்போது பாட்டி வாசலுக்கு வந்தார். "என்ன தம்பி, கார் இனிக் கத்தாதோ?" என்றார். "கத்தினா உடனே சொல்லுங்கோ அம்மா, சும்மா கத்தாது" என்றேன். பின்னால், கழற்றின பெயரிங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பொடியன் இன்னமும் சுற்றிக்கொண்டு நின்றான்.